பிரித்துப் பார்க்காத எஞ்சின்

அந்த எஞ்சினை ரிப்பேர் செய்வதா, பழைய இரும்புக்குப் போடுவதா என்று என் வீட்டுக்காரர் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார். எனக்கு அந்தக் குழப்பம் ஒரு நாள்கூட இருந்ததில்லை. அதை யாரும் பிரிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது. அதற்காக நான் என்னென்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என் வீட்டுக்காரர் மல்லசமுத்திரம் பக்கத்துப் பண்ணையக் குடும்பம். அண்ணன்மார்கள் காட்டைப் பார்த்துக்கொள்ள, இவர் ராசிபுரம் சாலையில் மரக்கடை வைத்தார். கொல்லிமலை அடிவாரத்திலிருந்து மாட்டுவண்டியில் மரம் வரும். கடைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு குழி இருந்தது. குழியின் மேல் மரத்தைக் கிடத்தி, மேலே ஒருவன், குழிக்குள் ஒருவன் நின்று நீள ரம்பத்தை இழுப்பார்கள். மேலே நிற்பவன் கோடு பார்த்து அறுப்பான். கீழே நிற்பவனுக்கு இழுப்பது மட்டும்தான் வேலை. அறுபடும் தூளெல்லாம் அவன் கண்ணிலும் வாயிலும் விழும்.

வெள்ளைக்காரனுக்குச் சண்டை வந்ததும் பட்டாளத்துப் பெட்டிகளுக்குப் பலகை கேட்டு ஆள்மேல் ஆள் வந்தார்கள். குழியில் அறுத்து மாளவில்லை. எங்கேயோ மூடிப்போன மில்லிலிருந்து ஒரு ஆயில் எஞ்சினையும் வட்ட ரம்பத்தையும் வாங்கிவந்து, கொட்டகை போட்டு நிறுத்தினார். எஞ்சினோடு ஒரு டிரைவரும் வந்து சேர்ந்தார். சூரமங்கலத்துக்காரர், ரயில் எஞ்சின்களுக்கு நடுவே வேலை பழகியவர், நாற்பது வயது இருக்கும். அன்றைக்கு நாங்கள் அவரை அவன் இவன் என்றுதான் பேசினோம். இப்போது எழுத உட்கார்ந்தால் கை தானாக ‘அவர்’ என்று போடுகிறது. இந்த மரியாதை அப்போது வந்திருந்தால் பிரயோசனப்பட்டிருக்கும்.

எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. எனக்கு வயது பத்தொன்பது, கல்யாணமாகி மூன்று வருடம். வீட்டுக்காரர் நான் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவார். அந்த டிரைவர் வாயைத் திறந்தால் மட்டும் கைகட்டாத குறையாகக் கேட்பார். ஒருநாள் சோற்றுப் போசியோடு கொட்டகைக்குள் போனபோது என் முந்தானை, எஞ்சினிலிருந்து ரம்பத்துக்கு ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் பறந்தது. “அம்மிணி, தள்ளி நில்லுங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில் ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்று அவர் கத்தாவிட்டால் சேலையோடு நானும் பெல்ட்டுக்குள் போயிருப்பேன். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு எஞ்சினைச் சீமெண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். கடையில் எல்லா ஆயுதத்துக்கும் சந்தனப் பொட்டு வைப்பது வீட்டுப் பெண்ணின் வேலை, அதாவது என் வேலை. ரம்பங்களுக்கு, வாய்ச்சிக்கு, உளிக்கு, தராசுக்கு வைத்துவிட்டு எஞ்சினிடம் வந்தேன். பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில், அதன் அச்சான ஷாப்ட்டைத் தாங்கும் பேரிங்கின் தலையில் ஒரு சின்னத் துளை இருந்தது. அதில் தூசி விழாமல் ஒரு அழுக்குத் துணியைத் திரித்து அடைத்திருந்தார். பொட்டு வைக்க அதைவிட எடுப்பான இடம் எனக்குத் தெரியவில்லை. கையைக் கொண்டுபோனேன்.

“அங்க மட்டும் வேண்டாமுங்க அம்மிணி. அது எண்ணெய் குடிக்கிற வாயி,” என்று சொல்லி, என் கையிலிருந்த தட்டின் விளிம்பை இரண்டு விரலால் நகர்த்தினார்.

நகர்த்தியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குழி ஆள் ஒருவன் வேறு சிரித்துவிட்டான். நான் சக்கரத்தில் மூன்று பொட்டு வைத்துவிட்டு வந்தேன். பூஜை முடிந்து எல்லாரும் பொரியும் கடலையும் வாங்கக் கடை வாசலுக்குப் போனார்கள். நான் கற்பூரத் தட்டை எடுக்கிற சாக்கில் கொட்டகைக்குத் திரும்பினேன். துணியைப் பிடுங்கினேன். கட்டிச் சந்தனத்தை உருட்டி அந்தத் துளைக்குள் கட்டைவிரலால் அழுத்தினேன். ஒரு உருண்டை போயிற்று. இன்னொன்றும் போயிற்று. மூன்றாவதையும் வைத்து, வெளியே தெரியாதபடி ஒரு குச்சியால் ஆழத்துக்குத் தள்ளி, மேலே துணியைப் பழையபடி அடைத்தேன். எஞ்சின் கெட்டுப்போக வேண்டும் என்று நினைத்தேனா என்றால், இல்லை. அது என்ன குடிக்கும், குடிக்காவிட்டால் என்ன ஆகும் என்றே எனக்குத் தெரியாது. வைக்கக் கூடாது என்று அவர் சொன்ன இடத்தில் வைத்துவிட்டேன். அன்றைக்கு அந்தத் திருப்தி போதுமாக இருந்தது.

மறுநாள் விஜயதசமி. எங்கள் கடையில் அன்றைக்குத்தான் வருடத்தின் முதல் மரம் ஏற்றுவது. ஏற்றிய மரம் ஒரே மூச்சில் அறுபட்டு முடிய வேண்டும், பாதியில் நின்றால் வருடம் முழுக்க வியாபாரம் நிற்கும் என்று என் வீட்டுக்காரருக்கு ஒரு பிடிவாதம். நல்ல வேங்கை மரமாகப் பார்த்து ஏற்றினார்கள். தேங்காய் உடைத்தோம். எஞ்சின் ஓடத் தொடங்கிக் கால்வாசி மரம் அறுபட்டிருக்கும். டிரைவர் எண்ணெய்க் குடுவையோடு ஓடிவந்தார்.

“பண்ணாடீங்க, இன்னிக்கு எண்ணெய் குடிக்க மாட்டேங்குதுங்க. ஊத்துனதெல்லாம் வெளிய வழியுது. சித்த நிறுத்திப் பாத்துக்கட்டுங்களா?”

“முதல் மரத்தைப் பாதீல நிறுத்தச் சொல்றயா? வாயைக் கழுவுடா. ஓட்டு!”

“பேரிங்கு சுடுதுங்க.”

“ஓட்டுன்னு சொன்னனல்ல!”

நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். எண்ணெய் குடிக்கவில்லை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நேற்று நான் அழுத்திய சந்தனம் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்திருக்கலாம். ‘நிறுத்தச் சொல்லுங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை ஆட்களுக்கு முன்னால், அந்த ஆளுக்கு முன்னால் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பாதி மரத்தில் எஞ்சின் ஒரு அலறல் போட்டு நின்றது. ஓடிக்கொண்டிருந்த பெல்ட் தெறித்து, பக்கத்தில் குனிந்திருந்த டிரைவரின் இடது கையில் அடித்தது. முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பேரிங்கிலிருந்து புகை வந்தது. புகையில் சந்தன வாசம் கலந்திருந்தது. ஊரெல்லாம் பூஜை வாசமாக இருந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அவரைக் கட்டுப் போடுகிறவரிடம் வண்டியில் அனுப்பிய பிறகு, என் வீட்டுக்காரர் கூடியிருந்தவர்களிடம் சொன்னார்: “எண்ணெய் ஊத்தாம தூங்கிப்போட்டான்.” அந்த மனிதர் எச்சரித்ததை நானும் கேட்டேன், ஆட்களும் கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்குக் கூலி போய்விடும் என்று பயம். எனக்கு வேறு பயம்.

நாலாம் நாள் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையைத் துண்டில் தொங்கவிட்டுக்கொண்டு டிரைவர் வந்தார்.

“பிரிச்சுப் பாக்கலாமுங்க. நான் சொல்லச் சொல்ல யாராச்சும் பிரிக்கட்டும். பேரிங்குல ஈயம் உருகியிருக்கும், அதை வார்த்துக்கலாம். நான் கூலி கேக்க மாட்டேனுங்க. எதனால நின்னுச்சுன்னு தெரிஞ்சாப் போதும். நான் எண்ணெய் ஊத்தாத ஆளில்லீங்க.”

அவருக்கு எஞ்சினைவிட அந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம் என்று எனக்கு உடனே புரிந்தது. எண்ணெய் விடாமல் எஞ்சினை எரித்தவன் என்று பெயர் வாங்கிய டிரைவரை எவனும் அடுத்த எஞ்சினில் ஏற்ற மாட்டான். அவர் தப்பு செய்யவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த எஞ்சினுக்குள் இருந்தது. என் தப்புக்கும் அதுவே சாட்சி.

“ஏனுங்க, இவன் உள்ள போனா எதையாச்சும் பண்ணிவெச்சு உங்க மேலயே பழியத் திருப்பிருவான். கொட்டாயைப் பூட்டிப் போடுங்க,” என்று அன்று மத்தியானம் சொன்னேன். பூட்டினார். சாவி என் இடுப்புக்கு வந்தது.

வீட்டுக்காரர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம் பார்த்து நானே கொட்டகையைத் திறந்து போனேன். கொண்டை ஊசியால் துளையைக் குத்தினேன். சூட்டில் சந்தனம் இறுகிக் கல்லாகிவிட்டது. ஊசி வளைந்ததுதான் மிச்சம். அப்புறம் எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. இந்த இரும்பு இந்த ஊரைவிட்டே போய்விட வேண்டும்.

சேலத்திலிருந்து பழைய இரும்பு வாங்கும் பாய் ஒருவர் வந்து பார்த்தார். சண்டைக் காலத்தில் இரும்புக்கு நல்ல விலை. ஆனால் என் வீட்டுக்காரருக்கு விற்க மனசில்லை. காலையில் ரிப்பேர் என்பார், சாயங்காலம் விற்றுவிடலாம் என்பார். சீமையிலிருந்து சாமான் வராது என்று ஒருவர் சொல்வார், சேலத்திலேயே வார்த்துக்கொள்ளலாம் என்று இன்னொருவர் சொல்வார். நான் விடாமல் ஒன்றையே ஓதினேன். “முதல் மரத்தைப் பாதீல நிறுத்துன இஞ்சினு நம்ம ஊட்டுக்கு ஆவாதுங்க.” அந்தப் பாதி அறுபட்ட வேங்கை மரமும் முற்றத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி கிடந்தது. எனக்கு அது பெரிய ஒத்தாசை.

கடைசியில் அவர், “ஆத்தாகிட்டப் பூக் கேட்டுருவோம்,” என்றார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, மனசு முடிவுக்கு வராத காரியத்துக்கெல்லாம் அம்மன் கோயிலில் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் ரிப்பேர், சிவப்பு வந்தால் பாய்க்குக் கொடுத்துவிடுவது என்று பேச்சு.

“நானே தலைக்குத் தண்ணி ஊத்தி, பூ மடிச்சு எடுத்தாரேன்,” என்றேன். என் பக்தியைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம்.

இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்து மடித்தேன்.

அம்மனுக்குப் பயப்படவில்லையா என்று கேட்கலாம். பயந்தேன். ஆனால் அம்மன் தண்டிப்பதென்றால் நாளாகும். எஞ்சினைப் பிரித்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

கோயிலுக்கு டிரைவரும் வந்திருந்தார். தூணோரமாகக் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு எதையோ முணுமுணுத்தபடி இருந்தது. பண்டாரம் தீபம் காட்டினார். கோயிலுக்கு வந்திருந்த ஒரு சிறு பெண் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பண்டாரம் பிரித்துத் தூக்கிக் காட்டினார். சிவப்பு.

“ஆத்தா சொல்லிப்போட்டா,” என்றார் என் வீட்டுக்காரர்.

டிரைவர் முன்னால் வந்தார். “சாமி, இன்னொன்னையும் பிரிச்சுக் காட்டுங்க,” என்றார் பண்டாரத்திடம். பண்டாரத்தைக் கேட்டாலும் கண் என் மேல்தான் இருந்தது.

பூக் கேட்ட இடத்தில் மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கிற வழக்கம் இல்லை. அம்மன் வாக்கைச் சோதிக்கிற மாதிரி ஆகிவிடும். “ஆத்தாளையே சந்தேகப்படறயாடா?” என்று என் வீட்டுக்காரர் ஓங்கி அறைந்தார். டிரைவர் முறிந்த கைமேலேயே விழுந்தார். அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கைகொடுத்துத் தூக்கவில்லை. நான் குனிந்து, அம்மன் காலடியில் கிடந்த மற்றப் பொட்டலத்தை எடுத்து மடியில் செருகினேன். வெளியே வந்து கோயில் கிணற்றில் போட்டேன். திரும்பினால், அவர் வாசற்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பாய் வண்டி கொண்டுவந்து எஞ்சினை ஏற்றிக்கொண்டு போனார். அன்றிரவு எனக்கு நிம்மதியான தூக்கம்.

தை பிறந்து சில நாளில் டிரைவர் மறுபடி கடைக்கு வந்தார். கட்டு அவிழ்த்திருந்தது. எலும்பு கோணலாகக் கூடி, முழங்கைக்குக் கீழே ஒரு முண்டு எழும்பி நின்றது. கோயிலில் விழுந்ததில் கட்டு நகர்ந்திருக்க வேண்டும். சூரமங்கலத்திலும் ராசிபுரத்திலும் கேட்டுப் பார்த்துவிட்டாராம். எஞ்சினை எரித்தவன் என்ற பேச்சு அவருக்கு முன்பே அங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. ஏதாவது ஒரு வேலை கொடுக்கச் சொன்னார்.

எஞ்சின் போன பிறகு நாங்கள் குழிக்கே திரும்பியிருந்தோம். கீழே நிற்க ஆள் கிடைக்காமல் என் வீட்டுக்காரர் புலம்பிக்கொண்டிருந்தார்.

“குழீல கீழ நிக்கட்டுமே,” என்றேன் நான்.

அது இரக்கத்தில் சொன்னதல்ல. விரட்டிவிட்டால் ஊர் ஊராகப் போய் இரண்டாவது பொட்டலத்தைப் பற்றிப் பேசுவார். குழிக்குள் இருந்தால் பேச்சும் இல்லை, முகமும் கண்ணில் படாது. முதல் வேலையாக அவர் கையில் ரம்பத்தைக் கொடுத்து அறுக்கச் சொன்னது அந்தப் பாதி நின்ற வேங்கை மரத்தைத்தான். மேலே நின்றவன் அன்று ஆயுத பூஜையில் சிரித்த அதே ஆள். “ஏனுங்க டிரைவரே, எண்ணெய் வேணுமுங்களா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், சிரித்தேன்.

ஆனி மாதம் பாய் பலகை வாங்க வந்தார். என் வீட்டுக்காரர் குழியோரத்தில் நின்று அறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். மோரைக் குடித்துவிட்டு பாய் மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார்.

“உங்க எஞ்சினை உடைக்க மனசு வரல. பிரிச்சுப் பாத்தோம். வேற பெரிய கோளாறு ஒண்ணுமில்லைங்க. எண்ணெய்த் துளையில இதுதான் அடைச்சிருந்தது. நோண்டி எடுத்துட்டு, ஷாப்ட்டைத் தேய்ச்சு, பேரிங்குக்கு ஈயம் வார்த்தோம். மூணே நாள் வேலை. இப்ப ஆத்தூர்ப் பக்கம் அரிசி மில்லுல ஜோரா ஓடுது.”

உள்ளங்கையில் கறுப்பாக ஒரு கட்டி. அதை நகத்தால் உடைத்துக் காட்டினார். உள்ளே மஞ்சளாக இருந்தது. “சந்தனம்!” என்று முகர்ந்து சிரித்தார்.

குழிக்குள் ரம்பம் நின்றது.

என் வீட்டுக்காரர் கட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பொட்டு வைக்கிற கை யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? தொண்டையைச் செருமிக்கொண்டு, குழிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: “அந்த டிரைவர்ப் பயல்தான் அடைச்சிருப்பான். திமிரு புடிச்சவன்.”

எண்ணெய் குடிக்கவில்லை என்று சொன்ன பிறகும் ஓட்டு என்றது இவர்தானே. என்னைக் காட்டிக்கொடுத்தால் இவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். பாய் விஷயம் புரியாமல் தலையை ஆட்டினார். பிறகு குழிக்குள் ரம்பம் மறுபடி ஓடத் தொடங்கியது. எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று சாயங்காலம் இவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “இனிமேப்பட்டு பொட்டு வெக்கறப்பப் பாத்து வெய்யி.” அந்த மனிதரைக் குழியிலிருந்து ஏற்றுவது பற்றி இவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மறுபடி ஆயுத பூஜை வந்தது. இந்தத் தடவை நீள ரம்பங்களும் வாய்ச்சியும் உளியும்தான். ஆட்கள் வரிசையாகத் தங்கள் ஆயுதத்தை நீட்ட, நான் சந்தனம் வைத்துக்கொண்டே போனேன். வரிசையின் கடைசியில் அவர் நின்றார். கையில் ஒன்றும் இல்லை. ரம்பத்தை மேல் ஆள் பிடித்திருந்தான். இமை ரோமம்வரை மரத்தூள் படிந்த முகம். கண் இரண்டும் சிவந்து கலங்கியிருந்தன. சட்டைக் கையைச் சுருட்டி, கோணல் கையை என் தட்டுக்கு நேரே நீட்டினார்.

“எனக்கு இப்ப இதுதானுங்க ஆயுதம். இதுக்கு ஒரு பொட்டு வெச்சு உடுங்க அம்மிணி.” முண்டாக எழும்பியிருந்த எலும்பை விரலால் தொட்டுக் காட்டினார். “இங்க வெய்யுங்க. இங்க வெக்கலாமுங்க.”

ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்கிற ஆள்கூட அன்று சிரிக்கவில்லை. அவர் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். ஊரைக் கூட்டியிருந்தால் அழுது சாதித்திருப்பேன். இப்படிக் கையை நீட்டிக்கொண்டு நின்றால் என்ன செய்வது? அந்த நிமிஷத்தில் நான் செத்துவிடலாம் போலிருந்தது. அவர் செத்துப்போனாலும் தேவலை என்றும் இருந்தது. இரண்டும் உண்மை.

“சீக்கிரம் வெச்சு உடு புள்ள, பொரி நமுத்துப் போவுது,” என்றார் என் வீட்டுக்காரர்.

சந்தனத்தைத் தொட்டு அந்த முண்டின் மேல் வைத்தேன். என் கட்டைவிரலுக்கு அடியில் எலும்பு தட்டுப்பட்டது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மேலே குங்குமமும் வைத்தேன். அவர் குனிந்து கும்பிட்டுவிட்டு, பொரி வாங்குகிற வரிசையில் போய் நின்றார்.